16 சிற்றூர்கள், ஓர் ஊராட்சி: ருமேனியக் கிராமம் ஒன்று எங்கள் வகுப்பறைக்கு வந்த கதை

ஆறாம் வகுப்பில் உள்ளாட்சி அமைப்பு பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஊராட்சி, அதற்குள் குக்கிராமங்கள், வார்டு உறுப்பினர், தலைவர், கிராம சபை என்று கரும்பலகையில் கிளை கிளையாக வரைந்து முடித்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "டீச்சர், இதெல்லாம் நம்ம நாட்ல மட்டுந்தானா? வெளிநாட்லயும் பஞ்சாயத்து இருக்கா?"

"இருக்கும்" என்றேன்.

"எப்படி இருக்கும் டீச்சர்?"

இருபது ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். லண்டன், நியூயார்க், டோக்கியோ என்று நகரங்களைப் பற்றி ஏதாவது சொல்லத் தெரியும். வெளிநாட்டுக் கிராமம் ஒன்றைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று அவனை உட்கார வைத்தேன். அந்த 'நாளை' வர மூன்று வாரம் ஆனது. தேடிப் படித்ததில் கிடைத்த ஊர் ஆறாம் வகுப்போடு நிற்கவில்லை. எட்டாம் வகுப்பு வரலாற்றுக்கும் கணக்குக்கும்கூட வந்து சேர்ந்தது. நான் பெற்ற அனுபவத்தையும், இடையில் செய்த ஒரு தவறையும் ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

கொம்யூன் என்பது என்ன?

ருமேனியா ஐரோப்பாவின் தென்கிழக்கில் உள்ள நாடு. தலைநகர் புக்கரெஸ்ட். மக்கள்தொகை சுமார் 1 கோடியே 90 லட்சம். நாடு 41 மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; தலைநகர் தனி. மாவட்டத்துக்குக் கீழே நகரங்களும் 'கொம்யூன்' எனப்படும் ஊரக அமைப்புகளும் உள்ளன. நாடு முழுவதும் 2,800-க்கும் மேற்பட்ட கொம்யூன்கள் இருக்கின்றன. 1864-இல் அலெக்சாந்த்ரு இயோன் கூசா என்ற ஆட்சியாளர் காலத்துச் சட்டம் ஒன்றில் தொடங்கிய அமைப்பு இது. இன்றைய மாவட்டப் பிரிவு 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது.

ஒரு கொம்யூனில் பெரும்பாலும் பல சிற்றூர்கள் அடங்கும். கொம்யூனுக்கு ஒரு மேயர், ஓர் உள்ளூர் மன்றம். இரண்டுக்கும் 4 ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் நேரடியாக வாக்களிக்கிறார்கள். சிற்றூர்களுக்கென்று தனி மன்றம் கிடையாது. அப்படியானால் சின்னஞ்சிறு ஊரின் குரல் எப்படி மன்றத்தை எட்டும்? அதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. மன்றத்தில் ஒரு உறுப்பினரும் இல்லாத சிற்றூர், தன் சார்பில் ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்து அனுப்பலாம். அவர் கூட்டத்தில் தம் ஊர் பற்றிய விவாதத்தில் பேசலாம், கருத்துச் சொல்லலாம். ஆனால் அவருடைய வாக்கு முடிவைத் தீர்மானிக்கும் கணக்கில் சேராது.

இதைச் சொன்னதும் ஆறாம் வகுப்பில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. "பேசவாவது விடறாங்களே" என்றது ஒரு கட்சி. "ஓட்டு இல்லாம பேசி என்ன புண்ணியம்?" என்றது இன்னொன்று. உள்ளாட்சிப் பாடத்தில் இவ்வளவு சூடான விவாதத்தை என் வகுப்பில் நான் பார்த்ததில்லை.

ரோஷியா மொண்டானா

நான் எடுத்துக்கொண்ட கொம்யூனின் பெயர் ரோஷியா மொண்டானா. ஆல்பா மாவட்டத்தில், அபுசேனி மலைத்தொடரில் இருக்கிறது. இதில் 16 சிற்றூர்கள். கொம்யூனின் பெயரையே கொண்ட ரோஷியா மொண்டானா தலைமை ஊர். கோர்னா, ட்சாரினா, புண்டா, கர்பினிஷ், குரா ரோஷியெய் முதலியவை மற்றவை. 2011 கணக்கெடுப்பில் எல்லா ஊர்களும் சேர்ந்து மக்கள்தொகை 3,000-க்கும் குறைவு.

பெயர்களே ஒரு பாடம். 'ரோஷியா' என்றால் சிவப்பு. ஹங்கேரிய மொழியில் இந்த ஊருக்கு வழங்கும் பெயரின் பொருள் 'செவ்வோடை'. சுரங்கங்களிலிருந்து கசியும் இரும்புச் சத்து மிகுந்த அமிலநீரால் இங்குள்ள ஓடை செம்பழுப்பாக ஓடுகிறது. 'குரா ரோஷியெய்' என்றால் ரோஷியாவின் வாய்; அதாவது ஓடை ஆற்றில் போய்ச் சேரும் முகத்துவாரம். ஊர்ப்பெயரை வைத்தே ஓடை எங்கே முடிகிறது என்று மாணவர்களால் வரைபடத்தில் கண்டுபிடிக்க முடிந்தது.

சுரங்கம் என்றேன் அல்லவா? இந்த மலைக்குள் இருப்பது தங்கம். கி.பி. 106-இல் ரோமப் பேரரசர் டிராஜன் டாசியா நாட்டை வென்றபின், ரோமானியர்கள் இங்கே பெரிய அளவில் தங்கம் எடுத்தார்கள். அன்று ஊரின் பெயர் ஆல்பர்னஸ் மேயர். அட்ரியாட்டிக் கடலோரப் பகுதியிலிருந்து இல்லீரிய இனத்தைச் சேர்ந்த சுரங்கத் தொழிலாளர்களை அழைத்துவந்து குடியேற்றினார்கள். அவர்கள் குடிகுடியாகத் தனித்தனிக் குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். பிருஸ்டே என்ற குடியினர் இருந்த பகுதிக்குப் 'பிருஸ்டேயர் குடியிருப்பு' என்றே பெயர். ஆக, ஒரு பெரிய ஊர்ப் பெயரின் கீழ்ப் பல சிற்றூர்கள் என்ற அமைப்பு அங்கே இன்று நேற்று வந்ததல்ல.

ரோமானியர் வெட்டிய சுரங்கப் பாதைகளில் சுமார் 7 கி.மீ. நீளம் இன்றும் இருக்கிறது. உளியும் நெருப்பும்தான் அன்றைய கருவிகள். பாறையைத் தீயிட்டுச் சூடாக்கி வெடிக்க வைத்துப் பிறகு குடைந்தார்கள். சுரங்கத்தில் ஊறும் நீரை வெளியேற்ற மரச் சக்கரங்களை அடுக்கடுக்காக நிறுத்தியிருந்தார்கள்.

மெழுகில் எழுதிய நான்கு கதைகள்

1786 முதல் 1855 வரை, பழைய சுரங்கங்களைத் தோண்டியவர்களுக்கு மரப்பலகைகள் கிடைத்தன. பலகையின் நடுவைப் பள்ளமாக்கி, மெழுகு பூசி, கூரான எழுத்தாணியால் லத்தீன் மொழியில் எழுதியவை. நம் முன்னோர் ஓலையில் எழுதியதுபோல, அவர்கள் மெழுகில் எழுதியிருக்கிறார்கள். மூன்று பலகைகளைச் சேர்த்துக் கட்டி, ஒரே ஒப்பந்தத்தை இரண்டு முறை எழுதுவார்கள். உள்ளே இருப்பது முத்திரையிட்டு மூடிய படி. வெளியே இருப்பது யாரும் படிக்கும் படி. சண்டை வந்தால் முத்திரையை உடைத்து உள்ளே பார்க்கலாம். வெளிப்படியைத் திருத்தி ஏமாற்ற முடியாது.

இந்தப் பலகைகள் எல்லாம் கி.பி. 131 முதல் 167 வரையிலான காலத்தவை. போர்ப் பயத்தில் சுரங்கத்துக்குள் ஒளித்து வைத்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆக்ஸிஜன் குறைந்த ஈரமான சுரங்கத்தில் அவை கெடாமல் கிடந்தன. எட்டாம் வகுப்பில் நான் நான்கு பலகைகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

முதலாவது, ஒரு வீட்டுக் கிரையம். ஆண்டு 159. பிருஸ்டேயர் குடியிருப்பில் பாதி வீடு 300 டெனாரியஸுக்கு விற்கப்படுகிறது. வீடு யார் வீட்டுக்கும் யார் வீட்டுக்கும் இடையில் இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. நம் பத்திரங்களில் வரும் செக்குபந்தியேதான். மாணவர்களிடம் அவரவர் வீட்டுக்கு நான்கெல்லை எழுதி வரச் சொன்னேன். எல்லோரும் எழுதி வந்தார்கள். எங்கள் ஊராட்சியின் ஒரு தெருவே நோட்டுப் புத்தகத்தில் உருவாகிவிட்டது.

இரண்டாவது, ஒரு குழந்தையின் விற்பனைப் பத்திரம். ஆண்டு 139. பாஸியா என்ற பெண் குழந்தை. வயது ஏறத்தாழ 6. விலை 205 டெனாரியஸ். ரோமப் பேரரசில் அடிமை வணிகம் சட்டப்படி நடந்தது. அதனால் இதற்கும் சாட்சி, முத்திரை எல்லாம் உண்டு. இதைப் படித்துக் காட்டியபின் நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ஜன்னல் வழியே ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் சத்துணவுக்கு வரிசையில் போவது தெரிந்தது. "அந்த சைஸ் டீச்சர்" என்றான் ஒருவன் மெதுவாக. அந்த ஆண்டு முழுவதும் நான் நடத்தப்போகும் 'அடிமை முறை' என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

மூன்றாவது, ஒரு வேலை ஒப்பந்தம். ஆண்டு 164. மெம்மியஸ் என்ற தொழிலாளி தங்கச் சுரங்கத்தில் மே 20 முதல் நவம்பர் 13 வரை உழைக்க ஒப்புக்கொள்கிறார். கூலி 70 டெனாரியஸ். முதலாளியின் விருப்பத்துக்கு மாறாக வேலையை விட்டு நின்றால் நாள் ஒன்றுக்கு 5 செஸ்டர்டியஸ் அபராதம். சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து வேலை தடைபட்டால் அதற்கேற்பக் கூலியைக் கழித்துக்கொள்ளலாம். முதலாளி கூலி தராமல் இழுத்தடித்தாலும் அபராதம் உண்டு; ஆனால் அவருக்கு 3 நாள் சலுகை. இந்த ஒப்பந்தத்தை எழுதியவர் மெம்மியஸ் அல்ல. அவருக்கு எழுத்துத் தெரியாது என்பதால், அவர் கேட்டுக்கொண்டபடி வேறொருவர் எழுதியதாகப் பலகையிலேயே குறிப்பு இருக்கிறது.

நான்காவது, ஓர் அறிவிப்பு. 167-ஆம் ஆண்டு பிப்ரவரி 9. ஊரில் ஈமச் சடங்குக்கான சங்கம் ஒன்று இருந்தது. மாதச் சந்தா கட்டினால், இறக்கும்போது சங்கம் அடக்கம் செய்யும். அதன் தலைவர் அறிவிக்கிறார்: 54 பேர் இருந்த சங்கத்தில் இப்போது ஊரில் மீதமிருப்பது 17 பேர் மட்டுமே. கூட்டத்துக்கு யாரும் வருவதில்லை. சந்தா கட்டுவதில்லை. உடன் பொறுப்பேற்ற இன்னொரு தலைவர், பொறுப்பேற்ற நாளிலிருந்து இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. பெட்டியில் பணமில்லை. ஆகவே இனி யாராவது இறந்தால் சங்கம் அடக்கம் செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பொறுப்பேற்றபின் வராத தலைவர் பற்றிச் சொன்னபோது வகுப்பு சிரித்தது. 54 பேர் 17 ஆனது எப்படி என்று கேட்டபோது சிரிப்பு நின்றது. "செத்துட்டாங்களா?" "ஊரை விட்டுப் போயிட்டாங்களா?" பலகை காரணம் சொல்லவில்லை. அந்த ஆண்டுகளில் வடக்கே போர் மூண்டது என்பது மட்டும் நமக்குத் தெரியும். ஆதாரம் எது, ஊகம் எது என்று பிரித்துக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

கணக்குப் பாட வேளையில்

மூன்றாவது பலகையை எங்கள் பள்ளிக் கணித ஆசிரியர் வாங்கிக்கொண்டார். ஒரு டெனாரியஸ் என்பது 4 செஸ்டர்டியஸ். 70 டெனாரியஸ் என்றால் 280 செஸ்டர்டியஸ். மே 20 முதல் நவம்பர் 13 வரை, இரண்டு நாளையும் சேர்த்தால் 178 நாள். வகுத்துப் பார்த்தால் ஒரு நாள் கூலி சுமார் 1.57 செஸ்டர்டியஸ். வேலைக்கு வராத நாளின் அபராதமோ 5. அதாவது, ஒரு நாள் நின்றால் மூன்று நாளுக்கு மேலான கூலி போய்விடும். பாஸியாவின் விலையையும் மெம்மியஸின் கூலியையும் ஒப்பிட்டார்கள். அந்தக் குழந்தையின் விலை, இந்த ஆறு மாதக் கூலியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

வகுத்தலும் விகிதமும் மாணவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் விடை வந்ததும் "இது அநியாயம் டீச்சர்" என்று கணக்குப் பாடத்தில் கேட்டது எங்களுக்குப் புதிது.

அன்று மாலை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் மேசை அருகில் நின்றாள். அவளுடைய பெற்றோர் பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்குப் போய்விடுவார்கள். பாட்டி வீட்டில் இருந்து படிக்கிறாள். அதிகம் பேசாத பெண். "டீச்சர், அந்த ஆளுக்குத்தான் படிக்கத் தெரியாதே. பலகையில என்ன எழுதியிருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

என்னிடம் பதில் இல்லை. "எழுதினவர் படிச்சுக் காட்டியிருப்பார்" என்றேன்.

"சரியாப் படிச்சாரான்னு எப்படித் தெரியும்?"

இரட்டைப் படி, முத்திரை, சாட்சி என்று நான் வகுப்பில் பெருமையாக விளக்கியதெல்லாம் படிக்கத் தெரிந்தவருக்கான பாதுகாப்பு. அதை அந்தப் பெண்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

தங்கமும் ஊரும்

இங்கே நிறுத்தியிருந்தால் இது பழங்கதையாக முடிந்திருக்கும். ரோஷியா மொண்டானாவின் கதை முடியவில்லை.

ரோமானியருக்குப் பிறகும் அங்கே தங்கம் எடுப்பது நிற்கவில்லை. பாறையை இடிக்கும் உலக்கை இயந்திரங்களை ஓட்ட, மலைமேல் செயற்கை ஏரிகள் வெட்டினார்கள். அவற்றில் பல இன்றும் உள்ளன. ஆர்த்தடாக்ஸ், கிரேக்கக் கத்தோலிக்கர், ரோமன் கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபை, யூனிட்டேரியன் எனப் பல பிரிவுத் தேவாலயங்கள் ஒரே சிற்றூரில் எழுந்தன. 1948-இல் சுரங்கங்கள் அரசுடைமை ஆயின. பின்னர் மலையையே வெட்டித் திறக்கும் திறந்தவெளிச் சுரங்கம் வந்தது. 2006-இல் அரசு அதை மூடியது. வேலை போனது.

அதற்கு முன்பே கனடாவைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று, அரசைப் பங்குதாரராகச் சேர்த்துக்கொண்டு புதிய திட்டத்தோடு வந்திருந்தது. நான்கு திறந்தவெளிச் சுரங்கங்கள். சுமார் 300 டன் தங்கம் எடுப்பது இலக்கு. தாதுவிலிருந்து தங்கத்தைப் பிரிக்க சயனைடு. கழிவைத் தேக்க, கோர்னா சிற்றூர் இருக்கும் பள்ளத்தாக்கின் குறுக்கே அணை. நிறுவனம் வீடுகளை விலைக்கு வாங்கத் தொடங்கியது. பெரும்பாலானோர் விற்றார்கள். மாவட்டத் தலைநகர் ஆல்பா யூலியாவின் ஓரத்தில் அவர்களுக்கெனப் புதிய குடியிருப்பு கட்டப்பட்டது. விற்க மறுத்தவர்கள் 2000-இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஊரின் பழைய பெயரான ஆல்பர்னஸ் மேயர்.

அவர்களுடைய அச்சத்துக்குக் காரணங்கள் கண்ணெதிரே இருந்தன. 2000 ஜனவரி 30 அன்று, ருமேனியாவின் பாயா மாரே என்னும் இடத்தில் தங்கச் சுரங்கக் கழிவணை உடைந்தது. சயனைடு கலந்த சுமார் 1 லட்சம் கனமீட்டர் நீர் ஆறுகளில் கலந்து, ஹங்கேரியின் டிஸா ஆறு வழியாக டான்யூப் வரை சென்று, ஏராளமான மீன்களைக் கொன்றது. அடுத்த கொம்யூனான லுப்ஷாவில் ஜமானா என்ற சிற்றூர், 1970-களின் இறுதியில் தாமிரச் சுரங்கக் கழிவைத் தேக்குவதற்காகக் காலி செய்யப்பட்டது. கழிவுக் குளத்துக்குள் மூழ்கிய அந்த ஊரின் தேவாலயக் கோபுர உச்சி மட்டும் பல ஆண்டுகள் வெளியே தெரிந்தது.

2013-இல் திட்டத்துக்கு வழிவிடும் மசோதாவை அரசு கொண்டு வந்தது. புக்கரெஸ்ட், க்ளூஜ் முதலிய நகரங்களில் பல்லாயிரம் பேர் வாரக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். நாடாளுமன்ற மேலவை 2013 நவம்பரிலும், கீழவை 2014 ஜூனிலும் மசோதாவை நிராகரித்தன. 2021 ஜூலையில் யுனெஸ்கோ ரோஷியா மொண்டானாவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதே நாளில் ஆபத்தில் உள்ள இடங்களின் பட்டியலிலும் சேர்த்தது. நிறுவனம் பெரும் இழப்பீடு கேட்டுத் தொடுத்த வழக்கில், பன்னாட்டு நடுவர் தீர்ப்பாயம் 2024 மார்ச்சில் ருமேனியாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

நான் செய்த தவறு

இந்தப் பகுதியை முதல் முறை நடத்தியபோது ஒரு வீரக்கதையாகவே சொன்னேன். ஒரு பக்கம் பெரிய நிறுவனம், மறுபக்கம் எளிய மக்கள். இறுதியில் மக்கள் வென்றார்கள். நன்றாகச் சொன்னோம் என்ற நிறைவோடு முடித்தேன். அப்போது ஒரு மாணவன் கேட்டான்: "சுரங்கம் வரலன்னா, வேலை போனவங்க என்ன டீச்சர் சாப்பிடுவாங்க?"

அன்றிரவு மீண்டும் படித்தேன். நான் விட்டுவிட்ட செய்திகள் கண்ணில் பட்டன. ஊரிலேயே பலர் திட்டத்தை ஆதரித்தார்கள். 2013-இல் திட்டத்துக்கு ஆதரவாகச் சுரங்கத் தொழிலாளர்கள் சிலர் சுரங்கத்துக்குள் இறங்கி உட்கார்ந்து போராடினார்கள். ரோமானியக் காலம் பற்றி இன்று நமக்குத் தெரிந்த பலவற்றை வெளிக்கொண்டுவந்த அகழாய்வு, அந்த நிறுவனத்தின் நிதியில் நடந்தது. மசோதா தோற்றதால் விற்றுப் போனவர்கள் திரும்பி வந்துவிடவில்லை. பூட்டிய வீடுகள் பூட்டியபடி இருந்தன. தன்னார்வலர்களும் கட்டடக் கலைஞர்களும் கோடைதோறும் வந்து பழைய வீடுகளை ஒவ்வொன்றாகச் செப்பனிடுகிறார்கள். அது மெதுவான வேலை.

மறுநாள் வகுப்பில், "நேத்து நான் பாதிக் கதைதான் சொன்னேன்" என்று தொடங்கினேன். ஆசிரியர் தம் பாடத்தைத் தாமே திருத்துவதை மாணவர்கள் பார்ப்பதில் குறைவொன்றும் இல்லை. அன்று அவர்கள் அதிகமாகக் கவனித்தார்கள்.

வகுப்பில் செய்யும் முறை

இந்தப் பாடத்தை இப்போது நான்கு பாடவேளைகளில் நடத்துகிறேன்.

முதல் பாடவேளை: வரைபடம். ருமேனியா, ஆல்பா மாவட்டம், கொம்யூன் என்று பெரியதிலிருந்து சிறியதற்கு வருகிறோம். பிறகு ஒவ்வொரு குழுவும் நம் ஊராட்சியின் வரைபடத்தைக் குக்கிராமங்களோடு வரைகிறது. இரண்டு அமைப்பிலும் ஒத்தவை, வேறுபட்டவை என்று அட்டவணை போடுகிறார்கள். நம் கிராம சபையில் வாக்காளர் எல்லோரும் உட்காரலாம் என்ற வேறுபாட்டை அவர்களாகவே கண்டுபிடித்தார்கள்.

இரண்டாம் பாடவேளை: நான்கு பலகைகள். வகுப்பை நான்கு குழுக்களாக்கி, குழுவுக்கு ஒரு பலகையின் செய்தியை எளிய தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். மூன்று கேள்விகள்: இதில் உறுதியாகத் தெரிவது என்ன? நாம் ஊகிப்பது என்ன? இதில் யாருடைய குரல் இல்லை? மூன்றாவது கேள்விக்குத்தான் நேரம் அதிகம் தேவைப்படும். பாஸியா குழுவுக்கு ஆசிரியர் அருகில் இருப்பது நல்லது.

மூன்றாம் பாடவேளை: கணக்கு. கணித ஆசிரியரோடு சேர்ந்து நடத்தினால் சிறப்பு. நாள் எண்ணுதல், வகுத்தல், விகிதம் ஆகிய மூன்றும் ஒரே ஒப்பந்தத்தில் கிடைக்கின்றன.

நான்காம் பாடவேளை: மன்றக் கூட்டம். வகுப்பறையே கொம்யூன் மன்றம். வேலையிழந்த சுரங்கத் தொழிலாளி, வீட்டை விற்றவர், விற்க மறுத்த விவசாயி, நிறுவனப் பிரதிநிதி, தொல்லியல் ஆய்வாளர், ஆற்றின் கீழ்ப்பகுதி ஊர்க்காரர், மேயர், வாக்கு இல்லாத கோர்னா சிற்றூரின் பிரதிநிதி என்று பாத்திரங்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுக்க வேண்டும்; தனக்குப் பிடிக்காத பக்கத்துக்கும் பேச நேர்வதே இதன் பயன். இறுதியில் வாக்கெடுப்பு. முடிவு எதுவானாலும் ஆசிரியர் சரி, தவறு சொல்ல வேண்டாம். ஒவ்வொருவரும், 'எதிர்த்தரப்பு சொன்னதில் என்னால் மறுக்க முடியாத ஒன்று' என்று ஒரு வாக்கியம் எழுதித் தர வேண்டும். அந்த வாக்கியங்கள்தான் என் மதிப்பீட்டுக் கருவி.

கடந்த முறை கோர்னா பிரதிநிதிச் சீட்டு, மெம்மியஸ் பற்றிக் கேட்ட அந்த மாணவிக்கு விழுந்தது. "எனக்கு ஓட்டு இல்ல. அதனால நான் சொல்றத எழுதி வைங்க" என்று மட்டும் சொல்லி, மன்றக் குறிப்பேட்டில் எழுதி முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

என்ன மாறியது?

இந்தப் பாடத்தால் என் வகுப்பின் தேர்வு மதிப்பெண் கூடிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மெல்லக் கற்கும் மாணவர்கள் சிலருக்கு வெளிநாட்டுப் பெயர்கள் தடையாக இருந்தன. அடுத்த முறை பெயர்களைக் குறைத்து அட்டையில் எழுதி ஒட்டப் போகிறேன். ஆதார அடிப்படையில் பேசும் பழக்கம் வந்திருக்கிறது. "எப்படித் தெரியும்?" என்ற கேள்வி இப்போது எல்லாப் பாடத்திலும் வருகிறது. சக ஆசிரியர்கள் சிலர் இதற்காக என்னைக் கடிந்துகொண்டதும் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மாணவி இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா சூளையிலிருந்து போனில் பேசும்போது, அந்த வாரம் அறுத்த கல் எவ்வளவு, செலவுக்கு வாங்கிய பணம் எவ்வளவு என்று கேட்டுத் தேதியிட்டு எழுதி வைக்கிறாள். நான் சொல்லிக் கொடுத்ததல்ல. "உள்ளே ஒரு படி, வெளியே ஒரு படி டீச்சர்" என்றாள். சூளைக்காரர் கணக்கு ஒரு படி; அவளுடைய நோட்டு இன்னொரு படி.

1,800 ஆண்டுகளுக்கு முன் மெம்மியஸுக்காக வேறொருவர் எழுத வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் ஒரு தகப்பனுக்காக அவருடைய மகளே எழுதுகிறாள். காலையில் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது, 54 பேரில் 17 பேர் என்று எழுதிய அந்தச் சங்கத் தலைவர் சில நாள் நினைவுக்கு வருகிறார். சூளைப் பருவம் தொடங்கிவிட்டால் என் பதிவேட்டிலும் எண்ணிக்கை குறையும். யார் வரவில்லை, எங்கே போனார்கள் என்று விசாரித்து எழுதி வைப்பதும், இருப்பவர்களுக்கு எழுத்தை உறுதியாகக் கொடுப்பதும் நம் கையில்தான் இருக்கின்றன.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்பிலும் யாராவது ஒரு மாணவர் "வெளிநாட்ல எப்படி டீச்சர்?" என்று கேட்கக்கூடும். பெரிய நகரத்தைத் தேட வேண்டாம். ஒரு சின்ன ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் சிற்றூர்களின் பெயர்களிலிருந்து தொடங்குங்கள்.